படுக்கைப்புண்ணைத் தடுக்கவும் ஆற்றவும் ஏற்ற மெத்தை: வீட்டில் பராமரிப்போருக்கான முழுமையான வழிகாட்டி

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில், மருந்துச் சீட்டின் அடியில் இரண்டே சொற்களை எழுதித் தருவார்கள்: ஏர் பெட். எந்த வகை, எந்தக் கட்டிலின் மேல், எத்தனை நாளைக்கு என்ற விவரம் எதுவும் அதில் இருக்காது. பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்த என் அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்தபோது எங்களுக்கும் அப்படித்தான் எழுதித் தந்தார்கள். சர்ஜிக்கல் கடையில் முதலில் எடுத்துக் காட்டிய மெத்தையை வாங்கி வந்து, அதன் மேல் ரப்பர் ஷீட், அதற்கு மேல் நான்காக மடித்த பருத்திச் சேலை, அதற்கு மேல் விரிப்பு என்று அடுக்கிவிட்டு, இனிப் புண் வராது என்று நிம்மதியாக இருந்தோம். 11-ஆம் நாள் காலையில் உடம்பைத் துடைக்கும்போது, வால் எலும்புக்குச் சற்று மேலே ஐந்து ரூபாய் நாணய அளவுக்குத் தோல் கருத்திருந்தது; தொட்டால் சுற்றியிருந்த இடத்தைவிடச் சூடாக இருந்தது. மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். அங்கே காற்றே இல்லை. பம்ப்பின் குழாய் கட்டில் காலுக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தது.

அன்றைக்கு எங்களுக்குத் தெரியாமல் போனவற்றை, இன்று அதே சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பும் ஒருவருக்காக இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். இது மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அன்று. அவரிடமும் செவிலியரிடமும் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கான துணை.

முதலில், புண் எப்படி உண்டாகிறது

எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் சிக்கும் தசையிலும் கொழுப்பிலும் இரத்த ஓட்டம் தடைபடுவதுதான் தொடக்கம். நலமாக இருப்பவர் தூக்கத்தில்கூடத் தம்மை அறியாமல் புரண்டுகொள்கிறார். புரள முடியாதவருக்கோ, உணர்ச்சி மரத்தவருக்கோ அந்தக் காப்பு இல்லை. நேரடி அழுத்தத்துக்கு இணையான இன்னொரு காரணம் இழுவிசை. தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்த்து உட்கார வைத்தால், உடல் மெல்லக் கீழே சறுக்கும். எலும்பு சறுக்க, தோல் மட்டும் விரிப்போடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். நடுவில் இருக்கும் இரத்தக் குழாய்கள் முறுக்கப்பட்டு அடைபடும். இதனால்தான் பல புண்கள் ஆழத்தில் தொடங்கி, சில நாள் கழித்தே வெளியே தெரிகின்றன. வியர்வையும் சிறுநீரும் தோலை ஊற வைத்து வலுவிழக்கச் செய்வது மூன்றாவது காரணம். நம் ஊர் வெயிலில் இதைச் சிறியதாக எண்ண முடியாது.

நல்ல மெத்தை என்பது இந்த மூன்றையும் ஓரளவு குறைப்பது. அழுத்தத்தைக் குறைத்துவிட்டு வியர்வையைத் தேக்கும் மெத்தை பாதி வேலையைத்தான் செய்கிறது.

படி 1: கடைக்குப் போகும் முன் உடலைப் பாருங்கள்

பின்னந்தலை, காது மடல், தோள்பட்டை எலும்பு, முழங்கை, வால் எலும்புப் பகுதி, இடுப்பின் பக்கவாட்டு மேடு, கணுக்கால், குதிகால் ஆகிய இடங்களை நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். வால் எலும்புப் பகுதியிலும் குதிகாலிலும்தான் மிகுதியாகப் புண் வருகிறது.

பாடநூல்களில் முதல் அடையாளமாகச் சொல்லப்படுவது, விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு. மாநிறமும் கருநிறமும் கொண்ட நம் தோலில் அந்தச் சிவப்பு பெரும்பாலும் தெரியவே தெரியாது. ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா, கல் போல இறுகியோ சேறு போலக் குழைந்தோ இருக்கிறதா, நிறம் கூடுதலாகக் கருத்தோ ஊதா படர்ந்தோ இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறது என்கிறாரா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த இடம் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கக்கூடும்.

அடுத்து, ஆபத்தின் அளவைக் கணக்கிட வேண்டும். பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் உருவாக்கி 1987-இல் வெளியான பிரேடன் அளவுகோல் உலகெங்கும் செவிலியர் பயன்படுத்துவது. வலியையும் அழுத்தத்தையும் உணரும் திறன், ஈரம், நடமாட்டம், படுக்கையில் தானாக அசையும் திறன், உணவு, உராய்வும் இழுவிசையும் என ஆறு தலைப்புகளில் மதிப்பெண் தந்து கூட்டுவார்கள். மொத்தம் 6 முதல் 23 வரை வரும். எண் குறையக் குறைய ஆபத்து கூடும். 18 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஆபத்து உண்டு, 12 அல்லது அதற்குக் கீழே இறங்கினால் மிகுந்த கவனம் தேவை என்பது பொதுவான கணக்கு. மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன், "பிரேடன் மதிப்பெண் எவ்வளவு, அதில் எந்தத் தலைப்பில் குறைவு?" என்று பொறுப்புச் செவிலியரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மொத்த எண்ணைவிட, எதில் குறைந்திருக்கிறது என்பதுதான் மெத்தையைத் தீர்மானிக்கும். அசைவில் குறைவென்றால் அழுத்தத்தை நன்றாகப் பரப்பும் மெத்தை வேண்டும். ஈரத்தில் குறைவென்றால் மேலுறையும் காற்றோட்டமும் முதன்மையாகின்றன.

படி 2: புண் இருந்தால், அது எந்த நிலையில் என்று அறியுங்கள்

தோல் கிழியாமல் நிறம் மட்டும் மாறியிருப்பது முதல் நிலை. மேல்தோல் உரிந்தோ நீர்க்கொப்புளமாகவோ இருப்பது இரண்டாம் நிலை. தோல் முழுவதும் போய்க் கொழுப்பு தெரிவது மூன்றாம் நிலை. தசை, தசைநாண், எலும்பு வரை போய்விட்டால் நான்காம் நிலை. கறுத்த பக்குகளோ மஞ்சள் நிறக் கழிவோ மூடியிருந்தால் உள்ளே எவ்வளவு ஆழம் என்று சொல்ல முடியாது. தோல் கிழியாமலே ஆழ்ந்த ஊதாவாகவோ கருஞ்சிவப்பாகவோ மாறியிருப்பது இன்னொரு வகை. வெளிப்பார்வைக்கு எளியதாகத் தெரிந்து, சில நாளில் பெரும் குழியாகத் திறந்துகொள்ளக்கூடியது. கடைசி இரண்டையும் மூன்றாம், நான்காம் நிலைக்கு இணையாக எண்ணியே மெத்தையை முடிவு செய்யுங்கள். குதிகாலில் காய்ந்து இறுகி, சீழோ சிவப்போ இல்லாமல் ஒட்டியிருக்கும் கறுப்புப் பக்கை நீங்களாகப் பிய்க்கக் கூடாது.

படி 3: மெத்தை வகைகளைப் புரிந்துகொள்ளுங்கள்

வீட்டில் இருப்பவற்றிலிருந்து தொடங்குவோம். இலவம் பஞ்சு மெத்தை புதிதாக இருக்கும்போது மென்மையானது. ஆனால் ஒரே இடத்தில் தொடர்ந்து படுத்தால் பஞ்சு அமுங்கிக் கட்டியாகி, இடுப்புக்கு அடியில் பள்ளமும் மேடும் உண்டாகும். தென்னை நார் மெத்தை முதுகு வலிக்காரருக்கு ஏற்றதாக இருக்கலாம். அசைய முடியாதவரின் எலும்புக்கு அது பலகைக்குச் சமம். இரண்டும் இங்கே உதவா.

உயர்தர ஃபோம் மெத்தை: பல அடுக்குகளாக, கீழே உறுதியும் மேலே மென்மையும் கொண்டு, உடல் அளவாக அமிழ்ந்து எடை பரவும்படி செய்யப்படுவது. மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை, பழுதாக ஒன்றும் இல்லை. நம் ஊரில் இதைப் பலர் மருத்துவ மெத்தையாகவே கருதுவதில்லை. எனக்கு அது வருத்தம் தரும் விஷயம். இங்கிலாந்தில் 2029 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2019-இல் வெளியிட்ட பிரஷர் 2 ஆய்வில், மின்பம்ப்பால் இயங்கும் காற்று மெத்தைக்கும் உயர்தர ஃபோமுக்கும் இடையே புதிய புண் தடுப்பதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அதாவது, புண் இன்னும் வராத, ஓரளவாவது அசையக்கூடிய ஒருவருக்கு நல்ல ஃபோம் மெத்தையே முதல் தேர்வாக இருக்கலாம். அதன் குறை வெப்பம். குறிப்பாக மெமரி ஃபோம் உடல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பபுள் மெத்தை: சர்ஜிக்கல் கடையில் ஏர் பெட் என்று கேட்டால் பெரும்பாலும் கையில் கிடைப்பது இதுதான். தேன்கூடு போன்ற சிறு காற்றறைகள் இரண்டு தொகுதிகளாகப் பிரிந்து, ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு தொகுதி உப்ப, மறு தொகுதி இறங்கும். விலை குறைவு, மடித்து எடுத்துச் செல்லலாம். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க, ஐரோப்பிய அழுத்தப்புண் ஆலோசனைக் குழுக்கள் இணைந்து 2009-இலும் 2014-இலும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், சிறிய அறைகள் கொண்ட மாற்றழுத்த மெத்தைகளை, அதாவது அறைகள் இப்படி மாறி மாறி உப்பி இறங்கும் மெத்தைகளை, பயன்படுத்த வேண்டாம் என்றே கூறின. 10 செ.மீ. விட்டத்துக்குக் குறைவான அறைகள் போதிய உயரத்துக்கு உப்புவதில்லை. பக்கத்து அறை இறங்கும்போது உடலைத் தாங்கித் தூக்கி நிறுத்த அவற்றால் முடிவதில்லை என்பது காரணம். பபுள் மெத்தை எப்போதும் இன்னொரு மெத்தையின் மேல் விரிக்கும் மேலடுக்கு மட்டுமே. கட்டில் பலகையின் மேல் நேராக விரித்தால், அறைகள் இறங்கும் ஒவ்வொரு முறையும் எலும்பு பலகையில் உட்காரும்.

குழாய் வடிவ அறைகள் கொண்ட காற்று மெத்தை: படுக்கையின் குறுக்கே தடித்த உருளைகள் வரிசையாக இருக்கும். அறைகள் 10 செ.மீ. அல்லது அதற்கு மேல் உயரம் கொண்டவை. ஒன்று பழுதானால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். ஆழமான புண் உள்ளவருக்கும், திருப்பிப் படுக்க வைப்பது கடினமாக இருப்பவருக்கும் இதுதான் பொருத்தம். சிலவற்றில் மேற்பரப்பில் நுண்துளைகள் வழியே காற்று மெல்லக் கசிந்து தோலை உலர வைக்கும். வியர்வையோ கசிவோ மிகுதியாக இருந்தால் அந்த வசதிக்குக் கூடுதலாகச் செலவழிப்பது தகும்.

தண்ணீர் படுக்கை: ஒரு காலத்தில் நம் மருத்துவமனைகளில் இதுதான் வழக்கம். நிறைய நிரப்பினால் இறுகிவிடும், குறைவாக நிரப்பினால் எலும்பு அடியைத் தொட்டுவிடும். தண்ணீர் குளிர்ந்து முதியவரை நடுக்க வைக்கும், நோயாளியைப் புரட்டுவதும் கடினம். வேறு வழி இருக்கும்போது இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 4: யாருக்கு எது

புண் இல்லை, தானாகச் சற்றுப் புரள்கிறார், பகலில் நாற்காலியில் உட்காருகிறார் என்றால் உயர்தர ஃபோம் போதும். முற்றிலும் அசைய முடியாதவர், அல்லது முதல், இரண்டாம் நிலைப் புண் உள்ளவர் என்றால், ஃபோமிலும் முறையாகத் திருப்பிப் படுக்க வைக்க ஆள் உண்டா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் எழுந்து திருப்ப ஆள் இல்லாத வீட்டில் குழாய் வகைக் காற்று மெத்தையே நல்லது. மூன்றாம், நான்காம் நிலை, ஆழம் தெரியாத புண், ஊதா நிறப் பாதிப்பு, அல்லது எந்தப் பக்கம் திருப்பினாலும் புண்ணின் மேலேயே படுக்க வேண்டிய நிலை என்றால் குழாய் வகைக்குக் கீழே இறங்க வேண்டாம். பணம் இல்லாமல் பபுள் மெத்தைதான் வாங்க முடியும் என்றால், அடியில் நல்ல ஃபோம் மெத்தை இருப்பதை உறுதி செய்து, திருப்பும் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முக்கியமான விலக்கு: முதுகெலும்பு முறிந்து இன்னும் நிலைப்படுத்தப்படாதவரை, அறுவை மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் ஏறி இறங்கும் காற்று மெத்தையில் படுக்க வைக்கக் கூடாது. மெத்தையின் அசைவால் தசை இறுக்கமோ வலியோ கூடுகிறவர்களுக்கும், அசைவைத் தாங்க முடியாத மனக்குழப்பம் உள்ளவர்களுக்கும் ஃபோமே ஏற்றது.

படி 5: வீட்டையும் கட்டிலையும் அளந்துகொள்ளுங்கள்

கட்டிலின் நீள அகலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கட்டில் மெத்தைகள் பொதுவாக 200 செ.மீ. நீளமும் 90 செ.மீ. அகலமும் இருக்கும், நம் வீட்டுத் தேக்குக் கட்டில் பெரும்பாலும் அதைவிட அகலமானது, ஓரத்தில் இடைவெளி விழும். காற்று மெத்தை வைத்தால் படுக்கை உயரும். பக்கக் கம்பியின் உயரம் மெத்தைக்கு மேல் குறைந்துபோனால் நோயாளி உருண்டு விழ வாய்ப்புண்டு. தலைப்பக்கம் உயர்த்தும் ஃபௌலர் கட்டில் என்றால், மெத்தையும் அதோடு வளைந்து கொடுக்க வேண்டும்.

நோயாளியின் எடையைக் கண்டறிந்து, பெட்டியில் அச்சிட்ட எடை வரம்போடு ஒப்பிடுங்கள். பிறகு மின்சாரம். இந்தப் பம்ப்புகள் ஒரு சிறிய எல்.இ.டி. பல்பு அளவுக்கே மின்சாரம் எடுக்கும் என்பதால், வீட்டு இன்வெர்ட்டரில் அந்த ஒரு பிளக்கை இணைப்பது எலக்ட்ரீஷியனுக்கு எளிய வேலை. இன்வெர்ட்டர் இல்லாத வீடென்றால், மின்தடையின்போது காற்று எவ்வளவு நேரம் நிற்கும் என்று கடையிலேயே பம்ப்பை நிறுத்திச் சோதித்துப் பாருங்கள்.

படி 6: கடையில் பார்க்க வேண்டியவை

பெட்டியைப் பிரிக்காமல் வாங்காதீர்கள். பம்ப்பை ஓட விட்டு, மெத்தையை முழுவதும் நிரப்பி, அதன் மேல் நீங்களே ஒருமுறை மல்லாந்து படுத்துப் பாருங்கள். சத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். இரவு முழுவதும் தலைமாட்டில் ஒலிக்கப்போவது அது. எடைக்கேற்ப அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ், அறைகள் அசையாமல் ஒரே நிலையில் நிற்கச் செய்யும் வசதி, காற்று குறைந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை, அவசரத்தில் காற்றை உடனே வெளியேற்றும் வால்வு ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது, இதயத் துடிப்பு நின்றுபோய் நெஞ்சை அழுத்த வேண்டியிருக்கும்போது தேவைப்படுவது. மேலுறை நீளும் தன்மையுள்ளதாக, நீர் புகாததாக, ஆனால் ஆவியை வெளியே விடுவதாக இருக்க வேண்டும். கையால் இழுத்தால் நாலாபக்கமும் நீளாத தடித்த பிளாஸ்டிக் உறை, அடியில் இருக்கும் மெத்தையின் பயனைக் கெடுத்துவிடும். சில வாரத் தேவை என்றால் மாத வாடகைக்குத் தரும் கடைகளை விசாரியுங்கள். ஆனால் வாடகை மெத்தையில் ஒட்டுப் போட்ட இடங்களையும் துர்நாற்றத்தையும் பார்க்காமல் எடுக்க வேண்டாம்.

படி 7: சரியாக விரித்து, கையால் சோதியுங்கள்

குழாய்கள் வரும் முனை கால்மாட்டில் இருக்க வேண்டும். குழாய் எங்கும் மடியாமல், கட்டிலின் வெளிப்பக்கமாகத் தொங்கட்டும். ஒரே ஒரு தளர்வான பருத்தி விரிப்பு போதும். அதை இழுத்துச் சொருகினால் தொட்டில் துணிபோல் விறைத்து உடலைத் தாங்கிப் பிடிக்கும், மெத்தைக்கு வேலை இருக்காது. ரப்பர் ஷீட், மடித்த சேலை, கனத்த கம்பளி எதுவும் வேண்டாம். டயப்பர் கசிவுக்கு, காற்று புகும் அண்டர்பேட் (இடுப்புக்கு அடியில் விரிக்கும், ஈரம் உறிஞ்சும் விரிப்பு) ஒன்று மட்டும்.

பிறகு கைச் சோதனை. நோயாளியைப் படுக்க வைத்து மெத்தை ஒரு முழுச் சுற்று ஏறி இறங்கியதும், உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, விரல்களை நீட்டி, இடுப்புக்கு நேர் கீழே காற்று மெத்தைக்கும் அடி மெத்தைக்கும் நடுவில் கையைச் செலுத்துங்கள். எலும்புக்கும் உங்கள் கைக்கும் நடுவில் குறைந்தது ஓர் அங்குல அளவுக்காவது காற்றின் மெத்தென்ற தடிப்பு இருக்க வேண்டும். எலும்பு கையில் நேராகத் தட்டுப்பட்டால் அழுத்தத்தைக் கூட்டுங்கள்; கூட்டியும் தட்டுப்பட்டால் அந்த மெத்தை அவருக்குப் போதாது. குமிழை உச்சத்தில் வைத்துவிட்டு மறப்பதும் தவறு. பந்துபோல் இறுகிய மெத்தையில் உடல் அமிழாது. இந்தச் சோதனையைத் தலை உயர்த்தி உட்கார்ந்த நிலையிலும் செய்யுங்கள், ஏனெனில் அப்போதுதான் எடை முழுதும் வால் எலும்பில் இறங்குகிறது.

படி 8: மெத்தையோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை

எந்த மெத்தையானாலும் திருப்பிப் படுக்க வைப்பது நிற்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்பது பழைய வழக்கு. நல்ல மெத்தையில், தோல் தாங்குகிறது என்று தெரிந்தால், மருத்துவரின் ஒப்புதலோடு நான்கு மணி நேரம் வரை நீட்டலாம். திருப்பும்போது முழுப் பக்கவாட்டில், 90 பாகையில் படுக்க வைத்தால் இடுப்பு மேட்டில் புண் வரும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 பாகைச் சாய்வில் நிறுத்துங்கள். தலைப்பக்கத்தையும், உணவு ஊட்டும் நேரம் தவிர, 30 பாகைக்கு மேல் உயர்த்த வேண்டாம். குழாய் வழியே உணவு கொடுப்பவர்கள் இதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

குதிகாலை எந்த மெத்தையும் முழுதாகக் காப்பதில்லை. கெண்டைக்கால் முழுநீளத்துக்கும் தலையணை வைத்து, முழங்கால் சற்றே மடங்க, குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். அடியில் ஒரு தாள் தடையின்றி நுழைய வேண்டும். தண்ணீர் நிரப்பிய கையுறையைக் குதிகாலுக்கு அடியில் வைப்பதும், காற்று வளையத்தின் நடுவில் உட்கார வைப்பதும் இன்றும் பல வார்டுகளில் நடக்கின்றன. வளையம் தன்னைச் சுற்றியுள்ள தோலை அழுத்தி, நடுவில் இருக்கும் புண்ணுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது. ஸ்பிரிட் தடவிப் பவுடர் போட்டு எலும்பு மேட்டைத் தேய்ப்பதையும் விட்டுவிடுங்கள்.

நாற்காலியில் உட்காரும் நேரத்துக்குத் தனி இருக்கை மெத்தை வேண்டும். இடுப்பிலோ பிட்டத்திலோ புண் இருந்தால், ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். உணவில் புரதம் குறைந்தால் எந்த மெத்தையிலும் புண் ஆறாது. ஊட்டம் குறைந்தவருக்கு எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் என்பது வழிகாட்டுதல்களின் அளவு. 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 62.5 முதல் 75 கிராம். சிறுநீரக நோய் இருந்தால் மருத்துவர் வேறு அளவு சொல்வார்.

படி 9: மறுபடி மறுபடி பார்த்து முடிவை மாற்றுங்கள்

புண்ணின் நீள அகலத்தை வாரம் ஒருமுறை அளந்து, அதே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். இரண்டு வாரத்தில் சுருங்குவதற்கான அடையாளம் எதுவும் இல்லையென்றால், மெத்தை, திருப்பும் முறை, உணவு, தொற்று நான்கையும் மருத்துவரோடு சேர்ந்து மறுபரிசீலனை செய்ய வேண்டும். காய்ச்சல், துர்நாற்றம், சுற்றிலும் பரவும் சூடு, திடீர்க் குழப்பம் வந்தால் வாரக் கணக்குப் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்போரின் வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்தால், புண்ணையும் மெத்தையையும் பயிற்சி பெற்ற ஒருவர் நேரில் பார்க்க வழி பிறக்கும்.

அம்மாவுக்குக் கறுத்த அந்த இடம் நல்ல வேளையாகத் திறந்துகொள்ளவில்லை. குழாய் வகை மெத்தைக்கு மாற்றி, அடுக்கிய துணிகளையெல்லாம் எடுத்த பிறகு, மூன்று வாரத்தில் மங்கியது. உடனே வாடகை மிச்சம் என்று மெத்தையைத் திருப்பிக் கொடுக்க நினைத்தோம். வீட்டுக்கு வந்த செவிலியர் அக்கா தடுத்தார். ஆறிய இடத்தின் தழும்புத் திசு பழைய தோலின் வலுவை முழுதாகப் பெறுவதே இல்லை. முதலில் புண் வந்த இடத்திலேயே இரண்டாம் முறை விரைவாக வரும். ஆகவே நோயாளி தானாகப் புரளத் தொடங்கும் வரை, அல்லது பிரேடன் மதிப்பெண் உயர்ந்துவிட்டது என்று செவிலியர் சொல்லும் வரை, அதே மெத்தையில் அதே கைச் சோதனையோடு தொடருங்கள். நாங்கள் அதை இரவு மாத்திரை கொடுக்கும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டோம்: மாத்திரை, ஒரு மிடறு தண்ணீர், மெத்தைக்கு அடியில் கை, குழாய் மடியவில்லை என்று ஒரு பார்வை, பிறகு விளக்கை அணைப்பது.